கொலுக் கச்சேரியைப் படம் பிடிக்கலாம், வாருங்கள்!

நவராத்திரி வந்து விட்டால் எங்கள் அரிமளத்தில் சில வீடுகளில் கொலுவோடு பாட்டும் உண்டு. மைக் கிடையாது. வளவில் ஜமக்காளத்தை விரித்து, குத்துவிளக்கை ஏற்றி வைத்துப் பெண் குழந்தைகள் பாடுவார்கள். பக்கத்தில் ஒரு மிருதங்கம். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கஞ்சிராவும். கஞ்சிராவைக் கச்சேரி மேடை ஏற்றிய மான்பூண்டியா பிள்ளை எங்கள் புதுக்கோட்டைக்காரர் ஆயிற்றே!

பாட்டு ஆரம்பித்ததும் அம்மாமார்கள் போனைத் தூக்கிக் கொண்டு எழுந்து விடுகிறோம். பளிச், பளிச் என்று ஃப்ளாஷ். குழந்தை கண்ணைச் சிமிட்டித் தாளத்தை விடுகிறது. சரி, படமாவது தேறுகிறதா? அதுவும் இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகி விடும். முன்வரிசை மாமியின் கொண்டைப் பூதான் வெள்ளை வெளேரென்று விழும். பாடுகிறவள் இருட்டில் இருப்பாள்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டு எழுத்து. நேராக வெளிச்சம் அடித்தால் அது தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் எழுத்து எழுந்து நிற்கும். முகமும் அப்படித்தான். ஆகவே ஃப்ளாஷை அணைத்து விடுங்கள். விளக்கைப் பாடுகிறவளுக்கு ஒரு பக்கமாக, பாவாடை படாத தூரத்தில் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் தூணில் சாய்ந்து, முழங்கையை உடம்போடு ஒட்டிக் கொண்டு உட்காருங்கள். கை ஆடாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'க்ளிக்' சத்தத்தையும் நிறுத்தி விடுங்கள், புண்ணியமாய்ப் போகும்.

சங்கதி போடும்போது தலையும் கையும் ஆடும். பல்லவிக்குத் திரும்பி வந்து மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கணம் அசைவு நிற்கும். அதுதான் உங்கள் நேரம். பாட்டைக் கேட்கிறவர்களுக்குத்தான் அது பிடிபடும். மிருதங்கக் கை கொஞ்சம் கலங்கி விழுந்தால் பாதகமில்லை, வாசிக்கிற கைதானே!

எல்.இ.டி. விளக்கில் எடுத்தால் சில படங்களில் கறுப்புப் பட்டைகள் விழும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. சில விளக்குகள் 100 முறை மினுக்குகின்றன. போனில் 'புரோ' வசதி இருந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வையுங்கள், பட்டை பெரும்பாலும் போய்விடும்.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம். எங்கள் தெருவில் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி. நல்ல கறுப்பு, நல்ல சாரீரம். போன வருஷம் அவள் பாடிய படத்தை உறவுக்காரர் ஒருவர் 'அழகுபடுத்தும்' பித்தானைத் தட்டி, வெளுக்க வைத்து எல்லோருக்கும் அனுப்பி விட்டார். குழந்தை என்னிடம் வந்து, "நான் கறுப்பா இருக்குறதுனாலதான் மாத்திட்டாங்களா, பெரியம்மா?" என்றது. எனக்கு என்னமோ போலாகி விட்டது.

இது போனோடு வந்த வியாதி அல்ல. 1950களிலேயே, கலர்ப் படம் அச்சிடும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். அவள் நிறம் சரியாக வந்தால் அச்சு சரி என்று கணக்கு. 'ஷர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது.

இப்போதும் இருட்டுப் பின்னணியைக் கண்டால் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுக்க அடிக்கும். திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுங்கள். பிறகு திருத்தும்போது நிழலை மட்டும் துளி ஏற்றுங்கள். விளக்கின் மஞ்சளை முழுக்கத் துடைத்து எடுக்காதீர்கள், கொலு வீட்டுக் களையே அதில்தான். புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பாதி குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் மெழுகு பொம்மை. 'அழகு' பித்தான் பக்கமே போக வேண்டாம்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். மறுநாள் பகலில் குழந்தையைக் கூப்பிட்டு, படத்தை அவள் கையோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். நிறம் ஒத்துப் போகிறதா என்று அவளையே கேளுங்கள். எங்கள் தெருப் பெண்ணிடம் அப்படித்தான் கேட்டேன். "மூக்குத்தி மட்டும் ரொம்ப மின்னுது பெரியம்மா, மத்தபடி நாந்தான்" என்றாள்.