காய்கறிப் பையில் ஓர் இஞ்சினீயரிங் கூடம்

ஐ.என்.ஏ. மார்க்கெட் என்றதும் தில்லித் தமிழர்களுக்கு நினைவு வருவது முருங்கைக்காய், தேங்காய், வாழையிலை, மீன். மெட்ரோ வந்தபின் தூரத்துக் காலனிக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பையோடு வந்து இறங்குகிறார்கள். கூட வரும் பிள்ளைகள்தான் பாவம், பொழுது போகாமல் நிற்கின்றன. அவர்களுக்கும் வாங்க வேண்டிய சாமான்கள் உண்டு: ஒரு தீப்பெட்டி, ஒரு டார்ச் பாட்டரி, இரண்டு ஊக்கு.

வேடிக்கைப் பேச்சல்ல இது. சென்னை செல்லும் ரயில்கள் இட்டார்சிக்கு முன்னால் நர்மதையைத் தாண்டுகின்றனவே, அந்த ஹோஷங்காபாத் வட்டாரத்தில் (இப்போது நர்மதாபுரம்) 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கிற்று. மாணவர்கள் தாங்களே சோதனை செய்து விஞ்ஞானம் கற்க வேண்டும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். ஆனால் செய்முறைத் தேர்வும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பலர் இங்கிருந்து போய் அதற்காக உழைத்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து டெல்கோவில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978-ல் லீவு எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். கிராமத்து வாரச்சந்தைகளைச் சுற்றிப் பார்த்தவர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து விளையாட்டுச் சாமான் செய்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஹோஷங்காபாத் திட்டத்தை மட்டும் மாநில அரசு 2002-ல் மூடிவிட்டது.

தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, குச்சி முனைகளைச் செருகினால் மூட்டு தயார். நாலு குச்சியில் சதுரம் செய்து விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. ரயில் பாலத்து இரும்புச் சட்டங்களில் முக்கோணங்கள் தென்படுவது ஏன் என்று பையனுக்கு அப்போது விளங்கிவிடும்.

மோட்டார் இன்னும் சுவையானது. எனாமல் பூசிய செம்புக் கம்பியும், உடைந்த ஸ்பீக்கரின் காந்தமும் வேண்டும். பக்கத்துக் கோட்லா முபாரக்பூரில் விசாரித்தால் கம்பி அகப்படும். கம்பியைப் பாட்டரி மேல் பத்துச் சுற்றுச் சுற்றிக் கழற்றி, இரு முனைகளையும் எதிரெதிரே நீட்டிவிட வேண்டும். ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்டலாம். மறு முனையில் பாதிப் பக்கம் மட்டுமே. சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. பாட்டரியின் இரு கோடியிலும் ரப்பர் வளையத்தால் ஊக்குகளைக் கட்டி, அவற்றின் துளைகளில் சுருளை உட்காரவைத்து, அடியில் பாட்டரி மேல் காந்தத்தை வைத்து லேசாகத் தட்டிவிட்டால் கிறுகிறுவென்று சுற்றும். முழுக்கச் சுரண்டியிருந்தால் மறுபாதிச் சுற்றில் காந்த விசை எதிராக இழுத்துவிடும். எனாமல் இருப்பதால் அந்தப் பாதியில் மின்சாரம் நிற்கிறது, சுருள் தன் வேகத்திலேயே தாண்டிவிடுகிறது. வீட்டு மிக்ஸியில் கார்பன் பிரஷ் அழுத்திக்கொண்டிருக்கும் செம்புப் பட்டைகளும் மின்சாரத்தை மாற்றி மாற்றிவிடும் இதே உத்தியைத்தான் செய்கின்றன. கம்பி சுடும், வெகுநேரம் விடக்கூடாது. வீட்டு பிளக்கில் மட்டும் செருகவே கூடாது.

2016-ல் மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் லாப் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காகப் பள்ளி ஒன்றுக்கு ரூ.20 லட்சம் வரை கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் எல்லாப் பள்ளிக்கும் அது வாய்ப்பதில்லை. குமாஸ்தா சம்பளத்தில் ரோபோ பெட்டி வாங்க முடியுமா? கோச்சிங் பீஸுக்கே கடன் வாங்குகிறோம். சூத்திரங்களை நெட்டுருப் போட்ட பிள்ளை, இஞ்சினீயரிங் காலேஜில் சேர்ந்த பிறகுதான் முதன்முதலாக ஸ்குரூடிரைவரைத் தொடுகிறது.

அடுத்த ஞாயிறு பையில் பாட்டரியும் ஊக்கும் இருக்கட்டும். மோட்டார் சுற்றாவிட்டால் சுரண்டிய பக்கத்தை முதலில் பாருங்கள். சுற்றிவிட்டால், காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், எதிர்ப்பக்கமாகச் சுற்றும்.