கச்சான் காற்றும் மின்கட்டணமும்

மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் இலங்கையின் மேல்பகுதி மழையில் நனைகிறது. சாய்ந்தமருதோ வெயிலில் வேகிறது. காரணம் யாது? மத்திய மலைநாட்டில் தன் ஈரத்தை மழையாகச் சொரிந்துவிட்ட காற்று, கீழைச் சரிவில் இறங்குகையில் அழுத்தம் மிகுந்து சூடேறி வறண்டு வருகிறது. இதையே நம்மவர் கச்சான் என்பர்.

முன்னாளைய கிடுகுக் கூரை இவ்வெப்பத்தைத் தடுத்தது. இன்றைய கொங்கிறீற் வீடுகளோ பகற் சூட்டைச் சேமித்து இரவில் உமிழ்கின்றன. ஆகவே குளிரூட்டியை நாடுகிறோம். 75 உவாற்று விசிறி ஓர் அலகு மின்சாரத்தில் 13 மணி நேரம் சுழலும். 1000 உவாற்றுக் குளிரூட்டி அதனை ஒரே மணி நேரத்தில் விழுங்கிவிடும். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்தபோது இக்கணக்கின் கடுமையை இல்லங்கள் உணர்ந்தன.

பிற்பகலில் மேற்குச் சாளரங்களை மூடித் திரையிடுக. கடற்காற்று எழும் வேளையில் கிழக்குக் கதவைத் திறந்திடுக. கூரைக்கு வெண்சுண்ணம் பூசுக. ஆயினும் செலவுக்கு அஞ்சி முதியோர் அறையின் விசிறியை நிறுத்துவது சிக்கனமன்று. அவர்க்கும் குழந்தைகட்கும் அடிக்கடி நீர் அருந்தக் கொடுங்கள். வெப்பத்தால் மயக்கமோ சித்தத் தடுமாற்றமோ காணின், தாமதியாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். மிச்சப்படுத்திய பணம் மீண்டும் வரும், உயிர் வருமோ?