மணமூட்டிய குடிநீர்

வெயில் முதிர்ந்த வேளையிற் கோயில் வீதியில் நடந்து வருபவருக்குத் தண்ணீர்ப் பந்தலைக் கண்டதும் உண்டாகும் ஆறுதல் பெரிது. யாழ்ப்பாணத்துக் கோயில்களின் திருவிழாக் காலத்தில் அப்பந்தல்களில் மோரும், சர்க்கரைத் தண்ணீரும், ஊறுகாய்த் தண்ணீரும் வார்க்கப்படுகின்றன. வெசாக் காலத்தில் தென்னிலங்கையின் தன்சல்களில் வில்வம்பூ அவித்த நீர் வழங்கப்படுகின்றது. வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும் தாகம் தணியும். எனினும், தாகத்தோடு வருபவருக்கு நீரைச் சிறிது மணமும் சுவையும் கூட்டிக் கொடுப்பதே உபசாரம் என இந்நாட்டு மக்கள் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளனர்.

வெட்டிவேர் இட்ட மண்பானை நீர், நன்னாரி வேர் ஊறிய நீர், சீரகத் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், ஆவாரம்பூ அவித்த நீர் என்பன எல்லாம் இவ்வழக்கத்தின் பல வடிவங்கள். அண்மைக் காலத்திற் பல வீடுகளிலே கண்ணாடிச் சாடியில் தேசிக்காய் வட்டங்களும், வெள்ளரித் துண்டுகளும், புதினா இலைகளும் மிதக்க நீரைக் குளிரவைத்துப் பருகும் பழக்கம் பரவியிருக்கின்றது. இது புதிதாகத் தோன்றினும் பழைய வெட்டிவேர்ப் பானைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. தாவரத்தில் உள்ள மணப்பொருளையும் சுவைப்பொருளையும் நீர் தன்னுள் வாங்கிக்கொள்கின்றது.

ஆனால், இவ்வகை நீரைப்பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் மக்களிடையே உலவுகின்றன. தேசிக்காயோ, துளசியோ, வெட்டிவேரோ நீரிலுள்ள அழுக்கைப் போக்கித் தூய்மையாக்கிவிடும் என்பது ஒன்று. அந்நீர் உடம்பிலுள்ள நச்சுக்களை எல்லாம் கழுவி வெளியேற்றும் என்பது மற்றொன்று. இரண்டாவது எண்ணத்தால் வரும் தீங்கு குறைவு. உடலின் கழிவுகளை அகற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகங்களும் செய்கின்றன. அவற்றுக்கு வேண்டியது போதிய நீரேயன்றி, அதில் மிதக்கும் பழத்துண்டு அன்று. முதலாவது எண்ணமோ நோய்க்கு வழி திறந்துவிடக் கூடியது. ஆகவே அதனை விளக்கமாக ஆராய்தல் வேண்டும்.

அசுத்தமான நீரால் நெருப்புக் காய்ச்சல், வயிற்றோட்டம், ஒருவகைச் செங்கமாரி முதலிய நோய்கள் பரவுகின்றன. இவற்றை உண்டாக்கும் கிருமிகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பளிங்குபோலத் தெளிந்த கிணற்று நீரிலும் அவை இருத்தல் கூடும். தேசிப்புளியின் அமிலம் சில கிருமிகளைத் தளரச் செய்யும் என்பது உண்மையே. ஆனால் ஒரு சாடி நீரில் இட்ட சில வட்டங்களிலிருந்து இறங்கும் அமிலம் மிகச் சிறிது. அதனை நம்பிப் பச்சைத் தண்ணீரைப் பருகுதல் கூடாது. துளசியும் வெட்டிவேரும் தரும் மணத்துக்கும் இதுவே பொருந்தும். மணம் மூக்குக்கு இதமளிக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. அன்றியும், நல்ல மணம் உள்ள நீரை மக்கள் நல்ல நீர் என்று நம்பி ஐயமின்றிப் பருகிவிடுகின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது.

கிருமியை அழிப்பதற்கு வீட்டில் உள்ள உறுதியான வழி கொதிக்கவைத்தலே. நீர் அடியிலிருந்து குமிழியிட்டுப் புரண்டு கொதிக்கும் நிலையை அடைந்தபின் ஒரு நிமிடம் அந்நிலையில் வைத்திருந்தாற் போதுமானது. உயரமான இடங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்குமாதலால், 2000 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். நுவரெலியா நகர் இவ்வுயரத்துக்குச் சற்றுக் கீழேயே அமைந்துள்ளது. எனவே, இலங்கையில் மக்கள் வாழும் இடங்களிற் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நிமிடக் கணக்கே பொருந்தும்.

கொதிநீரின் நன்மையை அறிந்தும் பலர் அதனை விரும்பிப் பருகுவதில்லை. அது சப்பென்று இருக்கின்றது என்பதே அவர்கள் கூறும் குறை. இக்குறை கற்பனையன்று. நீரிற் கரைந்திருக்கும் காற்று கொதிக்கும்போது வெளியேறிவிடுவதால் நீரின் இயல்பான சுவை குன்றுகின்றது. ஆறிய நீரைச் சுத்தமான இரண்டு பாத்திரங்களுக்கிடையே மாற்றி மாற்றி ஆற்றினாற் காற்று மீண்டும் கலந்து சுவை ஓரளவு திரும்பும். எஞ்சிய குறையைப் போக்குவதற்கே பழமும் மூலிகையும் உதவுகின்றன. மணமூட்டுதலின் உண்மையான பயன் இங்கேதான் உள்ளது. அது நீரைச் சுத்தமாக்காது. ஆனால் சுத்தமாக்கப்பட்ட நீரை வீட்டார் விரும்பிப் பருகச் செய்யும். பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டு செல்லும் போத்தலில் உள்ள கொதித்தாறிய நீரைக் குடியாமற் கொண்டு வருவதும், வழியிற் கிடைத்த நீரைக் குடிப்பதும் பல தாய்மார் அறிந்த செய்தி. அப்போத்தலில் நான்கு புதினா இலை சேர்ந்தால் அது வெறுமையாகத் திரும்பி வருதல் கூடும்.

கொதிக்கவைத்தாலும் போகாத குறைகளும் சில உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கு இல்லை. மழை நீர் நிலத்துட் புகுந்து, கல்லின் வெடிப்புக்களிலும் குகைகளிலும் தங்கி, கிணறுகளில் ஊறுகின்றது. தோட்டங்களுக்கு இடும் உரத்தில் எஞ்சியதும், மலக்குழிகளிலிருந்து கசிவதும் அவ்வெடிப்புக்களின் வழியே எளிதில் நிலத்தடி நீரை அடைந்துவிடுகின்றன. இவற்றால் நீரில் நைத்திரேற்று என்னும் உப்பு மிகுதியாகின்றது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மாக் கரைத்துக் கைக்குழந்தைக்கு ஊட்டினால், குழந்தையின் குருதி ஒட்சிசனை ஏந்திச் செல்லும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாயக்கூடும்.

கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறையுந்தோறும் எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். சவர்த்தன்மையும் அவ்வாறே. கொதிக்கும்போது கேத்திலின் அடியிற் படியும் வெண்ணிறச் சுண்ணாம்பு மாத்திரமே ஓரளவு நீரைவிட்டு விலகுகின்றது. தேசிப்புளி சவர்ச்சுவையை மறைக்கும், உப்பை அகற்றாது. ஆகவே, தோட்டங்களுக்கோ மலக்குழிகளுக்கோ அண்மையிலுள்ள கிணற்று நீரைப் பருகுவோர் தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ விசாரித்து நீரைச் சோதிப்பித்தல் நன்று. சோதனையில் தகுந்ததெனக் கண்ட நீரையே மணமூட்டுவதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீர் ஆயத்தமானபின் செய்யவேண்டிய வேலை எளிது. எப்பொருளைக் குளிர்ந்த நீரில் இடுவது, எதனை வெந்நீரில் இடுவது என்பதை அறிந்தாற் போதும். மென்மையான இலைகளும் பழங்களும் குளிர்ந்த நீருக்கு உரியவை. புதினாவின் மணத்தைத் தரும் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கின்றது. உள்ளங்கையில் வைத்து மெதுவாகத் தட்டினாற் சுரப்பிகள் உடைந்து மணம் வெளிப்படும். கசக்கிப் பிழிந்தாற் பச்சைநாற்றமும் கசப்பும் சேர்ந்து வரும். தேசிக்காய், தோடம்பழம் ஆகியவற்றின் மணம் தோலின் நிறமுள்ள மேற்பகுதியிலும், புளிப்பு சாற்றிலும், கசப்பு தோலுக்கு உட்புறமான வெண்பகுதியிலும் விதையிலும் உள்ளன. ஆதலால் விதையை நீக்கி, மெல்லிய வட்டங்களாக அரிந்து இட்டு, இரண்டு மணி நேரத்துள் எடுத்துவிட்டால் மணம் நிற்கும், கசப்பு இறங்காது.

வேர், விதை, உலர்ந்த பூ என்பன வெந்நீருக்கு உரியவை. அவற்றின் கட்டமைப்பு இறுகியிருப்பதால் வெப்பத்தின் உதவியின்றிச் சாரம் எளிதில் வெளிவராது. வெட்டிவேர் இதற்குப் புறம்பாகக் குளிர்ந்த நீரிலும் மணத்தை நன்கு தருவது.

ஒரு லீற்றர் நீருக்கு அரைத் தேசிக்காயின் வட்டங்களும் எட்டு அல்லது பத்துப் புதினா இலைகளும் போதும். வெள்ளரிக்காயாயின் காற்பங்கை மெல்லியதாக அரிந்து, இரண்டு துளசி இலையுடன் சேர்க்கலாம். அன்னாசியை விரும்புவோர் ஐந்தாறு சிறு துண்டுகளை இடலாம்; அதனோடு இஞ்சி சேர்ப்பதாயின், தட்டிய இஞ்சியின்மேல் முதலில் ஒரு குவளை கொதிநீரை ஊற்றி ஆறவிட்டு, அந்நீரை வடித்துக் கலப்பது நன்று. கொத்தமல்லித் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மல்லியை இளவறுப்பாக வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டி, சிறு துண்டு இஞ்சியுடன் பத்து நிமிடம் அவித்து வடிக்க வேண்டும். வெட்டிவேராயின் ஒரு கைப்பிடி வேரை மண் போகப் பலமுறை அலசி, கொதிநீரால் ஒருமுறை கழுவி, மெல்லிய துணியில் முடிந்து பானையில் இடலாம். வேரை நாள்தோறும் கழுவி வெயிலில் உலர்த்தி எடுக்க வேண்டும். மணம் குறைந்ததும் புதிய வேருக்கு மாற வேண்டும்.

பழங்களைத் தோலோடு இடுவதால், அரியும் முன் ஓடும் நீரிற் கையால் தேய்த்துக் கழுவுதல் அவசியம். கத்தியும் பலகையும் மீன் இறைச்சி வெட்டியவையாக இருத்தல் ஆகாது. இலைகளையும் கழுவியபின் ஆறிய கொதிநீரில் ஒருமுறை அலசிக்கொள்ள வேண்டும். புளிப்புச் சேர்ந்த நீரைச் செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களில் வைத்திருக்கலாகாது. அமிலம் உலோகத்தைக் கரைக்கும். கண்ணாடி, எவர்சில்வர், மண் என்பன ஏற்றவை.

மண்பானையிற் குளிரும் நீரின் இதம் தனியானது. பானையின் நுண்துளைகளிற் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். பானை நீர் குளிர்வதன் இரகசியம் இதுவே. ஆனால், கொதித்தாறிய நீரைப் பானையில் நிறைத்துவிட்டு ஒவ்வொருவரும் குவளையையும் கையையும் அமிழ்த்தி எடுப்பாராயின் கொதிக்கவைத்த பயன் கெட்டுவிடும். நீண்ட பிடியுள்ள அகப்பையால் வார்த்தெடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்து முன்னோர் மூக்குப்பேணியை உதட்டிற் படாமல் அண்ணாந்து பருகிய வழக்கமும் சுகாதாரத்துக்கு உகந்ததே.

பழத்துண்டுகள் மிதக்கும் நீரை நெடுநேரம் வெளியில் வைத்தல் கூடாது. பழத்தின் இனிப்பு கிருமிகளுக்கு உணவாகின்றது. சிலவகைப் பற்றீரியாக்கள் தக்க சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வல்லன. அக்கணக்கின்படி ஒரே பற்றீரியா நான்கு மணி நேரத்தில் 4096 ஆகிவிடும். எனவே, வெளியில் வைத்த நீரை இரண்டு மணி நேரத்துள் பருகி முடிக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததாயின் துண்டுகளை எடுத்துவிட்டு மறுநாள் வரை பயன்படுத்தலாம். பனிக்கட்டி இடுவதானால் அதுவும் கொதித்தாறிய நீரில் உறையச் செய்ததாக இருத்தல் வேண்டும். உறைதலாற் கிருமிகள் எல்லாம் இறப்பதில்லை.

இந்நீரிற் பழத்தின் சத்து முழுவதும் இறங்கிவிடுவதாகவும் எண்ணலாகாது. 1747 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லின்ட் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர் கப்பலில் நோயுற்ற மாலுமிகளுக்குத் தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் கொடுத்து, முரசு கரையும் ஸ்கேவி நோய் தீர்வதைக் காட்டினார். பின்னர் அவரே பழச்சாற்றை வெப்பத்தாற் சுண்டவைத்துச் சேமிக்கும் முறையைக் கூறினார். ஆனால் அச்சாறு ஆற்றலைப் பெரிதும் இழந்துவிட்டது. உயிர்ச்சத்து சி வெப்பத்தால் அழிவது என்பது 20 ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. ஆகவே, தேசிப்புளியை நீர் ஆறியபின்னரே சேர்க்க வேண்டும். ஊறிய பழத்தைப் புதிதாக இருக்கும்போதே உண்டுவிடுதலும் நன்று.

மணநீரால் வரும் மற்றொரு நன்மை சர்க்கரை இன்மை. 2016 ஆம் ஆண்டில் இலங்கையில் இனிப்புப் பானங்களின் சர்க்கரை அளவை நிறங்களாற் காட்டும் முறை கொண்டுவரப்பட்டது. நீரிழிவு மிகுந்த நாட்டில் அந்நிறக் குறிக்கு இடமே இல்லாத பானம் வீட்டில் இருப்பது நல்லது. ஆயினும் இதனை மருந்தாகக் கொள்ளலாகாது. வயிற்றோட்டம் கண்டவருக்கு உப்பும் குளுக்கோசும் அளவாகக் கலந்த ஜீவனி போன்ற கரைசலே வேண்டும். பழநீர் அதற்கு ஈடாகாது. சிறுநீரக நோயுள்ளவரும் கருவுற்றவரும் மூலிகைக் குடிநீரைக் காய்ச்சி நாள்தோறும் பருகத் தொடங்குமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும்.

தண்ணீர்ப் பந்தலிற் கை நீட்டுபவர் அந்நீர் எந்தக் கிணற்றது, கொதிக்கவைத்ததா என்று கேட்பதில்லை. வீட்டுக்கு வரும் விருந்தினரும் கேட்பதில்லை. தாயின் கையிலிருந்து குவளையை வாங்கும் பிள்ளையும் கேட்பதில்லை. அவர்கள் கேளாத கேள்விக்கு விடையை முன்னரே தேடி வைத்திருத்தல் வார்ப்பவரின் கடமை. அக்கடமை முடிந்தபின் இரண்டு புதினா இலையும் ஒரு தேசிக்காய் வட்டமும் சேர்ப்பது உபசாரமாகும்.