எங்கே பிரசவம்? ஏழாம் மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள்

கர்ப்பம் உறுதியானதும் பெயர் யோசிக்கிறோம், வளைகாப்புக்கு நாள் பார்க்கிறோம். பிரசவம் எங்கே என்பதை மட்டும் பழக்கத்தின் போக்கில் விட்டுவிடுகிறோம். அக்காவுக்குப் பிரசவம் பார்த்த இடம், தாய்வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நர்சிங் ஹோம், தெரிந்த டாக்டர். சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு இது பெரும்பாலும் போதும். ஆபத்து அதிகமுள்ள கர்ப்பத்தில் குழந்தை பிழைப்பதே இந்த முடிவைப் பொறுத்திருக்கலாம்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் 2010-ல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. ஒன்றரைக் கிலோவும் அதற்குக் குறைவுமான எடையில் பிறந்த குழந்தைகளைப் பற்றியது அது. உயர்நிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் பிறந்தவர்களில் 23 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அந்த வசதி இல்லாத இடங்களில் பிறந்தவர்களில் 38 சதவீதம் பேர்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், சர்க்கரை நோய், இதய நோய், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ், இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், கீழே இறங்கியிருக்கும் நஞ்சுக்கொடி, முன்பு குறைமாதத்தில் பிரசவமானது அல்லது குழந்தை இறந்து பிறந்தது, ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி குறைவாகத் தெரிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பிரசவ இடத்தை டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் பிரதமரின் தாய்மைப் பாதுகாப்புத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு டாக்டரின் பரிசோதனை இலவசம். ஆபத்தைக் கண்டறிவதுதான் அதன் முக்கிய நோக்கம்.

எந்த மருத்துவமனையில் என்ன இருக்கும்?

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறையில் குழந்தையைக் கதகதப்பாக வைக்கவும், மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சு வரவைக்கவும் வசதி இருக்க வேண்டும். சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளம் குழந்தை சிகிச்சை மையங்களில் இரவிலும் சிசேரியன் செய்யலாம், ரத்தம் ஏற்றலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவு உண்டு. வென்டிலேட்டர், நுரையீரல் விரிய உதவும் சர்பாக்டன்ட் மருந்து, இரவு பகலாகக் குழந்தை மருத்துவர் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் மிகச் சிறிய குழந்தைக்கு முழுச் சிகிச்சை கிடைக்கும். ஆகவே “இன்குபேட்டர் இருக்கிறது” என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள்.

வயிற்றில் இருக்கும்போதே மாற்றுங்கள்

பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் போகும் குறைமாதக் குழந்தைக்கு வழியிலேயே உடல் குளிரலாம், ரத்தத்தில் சர்க்கரை இறங்கலாம், மூச்சு தடுமாறலாம். தாயின் வயிற்றில் இருக்கும்வரை இந்தத் தொல்லைகள் இல்லை. 34 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் நிலை வந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறையாக நான்கு தவணை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் தவணையைப் போட்டு அனுப்புவது முறை. ரத்த அழுத்தம் கூடி வலிப்பு வரும் நிலையில் மெக்னீசியம் சல்பேட் ஊசியும் அப்படியே. பிரசவம் இதோ ஆகிவிடும் என்ற கட்டத்தில் மட்டும் கிளம்பக் கூடாது. வண்டியில் பிள்ளை பெறுவதைவிட அங்கேயே பெற்று, குழந்தையை நிலைப்படுத்திக்கொண்டு மாற்றுவதே பாதுகாப்பு.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் பெண்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். ஊர் மாறும்போது மருத்துவமனையும் மாறுகிறது. ஸ்கேன் அறிக்கைகள், பரிசோதனை அட்டை, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண் எல்லாம் கூடவே போக வேண்டும். போகும் ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம் முதல் வாரமே சொல்லிவிட வேண்டும்.

உங்கள் உரிமை

2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு எதற்கும் காசில்லை. வீட்டிலிருந்து வருவதற்கும், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கும், வீடு திரும்புவதற்கும் வண்டியும் இலவசம். நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கும் இதே உரிமை உண்டு. யார் கேட்டாலும் பணம் தராதீர்கள். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால், காரணமும் போட்ட ஊசிகளும் நேரமும் எழுதிய பரிந்துரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். போகும் இடத்துக்குப் போனில் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

குழந்தை பிழைத்து வீடு வந்த பிறகும் ஒரு கடமை இருக்கிறது. 34 வாரத்துக்கு முன் அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். 1996-ல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையோடு பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

தவறு நடந்ததாகத் தோன்றினால் முதலில் மருத்துவக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. டாக்டர் மீதான புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. கட்டணம் வாங்கிய மருத்துவமனை மீது இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அரசு மருத்துவமனை பற்றி அதன் டீனிடமோ, மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமோ, 104 எண்ணிலோ புகார் சொல்லலாம்.

இழப்பீடு எதுவும் போன உயிரையோ பார்வையையோ திருப்பித் தராது. அதனால் ஆபத்து தெரிந்த அன்றே, எப்படியும் ஏழாம் மாதத்துக்குள், டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் கர்ப்பம் ஆபத்தானதா? இரவில் இங்கே சிசேரியன் செய்ய முடியுமா? குழந்தைக்கு வென்டிலேட்டர் உண்டா? இல்லையென்றால் நான் எங்கே, எந்த வாரத்தில் போய்ச் சேர வேண்டும்? பதிலை அட்டையில் எழுதி வாங்குங்கள். கணவரும் மாமியாரும் அம்மாவும் அதைப் படித்திருக்கட்டும். வலி வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.