ஒழுகுவது கண்ணுக்குத் தெரிந்த காலம்

அம்பாசடரும் ஃபியட்டும் வாடகைக்கு ஓடிய காலத்தில் டிரைவரின் நாள் பானெட்டைத் தூக்குவதில்தான் தொடங்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகிவிட்டுத்தான் சாவியைப் போடுவார். தண்ணீர் தினமும் கொஞ்சம் குறைவது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. வழக்கத்தைவிட அதிகம் குடித்தால் மட்டும் "எங்கேயோ ஒழுகுது" என்று குனிந்து பார்ப்பார்கள்.

மலைப்பாதையில் இது இன்னும் வெளிப்படை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில், பானெட்டைத் திறந்து போட்டு ஆவி பறக்க ஓரங்கட்டிய வண்டிகளைப் பார்க்காமல் ஊட்டி போய்ச் சேர முடியாது. டிக்கியில் தண்ணீர் கேன் இல்லாமல் மலையேறத் துணிந்தவர்களும் குறைவு. அன்றைய விசிறி இஞ்சினோடு பெல்ட்டால் கட்டுண்டது. வண்டி நெரிசலில் நின்றால் விசிறியும் சோம்பிவிடும். ஊற்றியதோ போர் தண்ணீர். அதன் உப்பு குழாய்க்குள் படிந்தது. துரு, இஞ்சின் பிளாக்கில் அடித்திருந்த தகடு மூடிகளை உள்ளிருந்தே அரித்தது.

ஒழுகும் ரேடியேட்டர் தனிக் கடைக்குப் போகும். செம்புக் குழாய், பித்தளைத் தொட்டி, இரண்டையும் இணைக்கும் ஈயம்: இவ்வளவுதான் அன்றைய ரேடியேட்டர். கடைக்காரர் அதன் வாய்களை ரப்பர் வைத்து அடைப்பார். ஒன்றின் வழியாகக் காற்றைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டிக்குள் முழுதாக அமுக்குவார். கலங்கிய நீர் தெளியும்வரை கையை அசைக்காமல் காத்திருந்தால், ஏதோ ஒரு மூலையிலிருந்து குமிழிகள் வரிசை கட்டி மேலே வரும். வெளியே எடுத்து, அந்த இடத்தைச் சுரண்டி, ஆசிட் தடவி, ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பார். பற்றவைக்க எட்டாத ஆழத்தில் ஒரு குழாய் ஒழுகினால் அதன் இரு முனைகளையும் அடைத்துவிடுவார். மீதிக் குழாய்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். மறுபடி காற்று, மறுபடி தொட்டி. குமிழி வராவிட்டால் வேலை முடிந்தது.

கடை இல்லாத நெடுஞ்சாலையில் மஞ்சள் தூள் இருந்தது. ரேடியேட்டருக்குள் கொட்டினால் ஊறி, சிறு துளையில் போய் அடைத்துக்கொள்ளும். ஊர் போய்ச் சேர அது போதும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்குப் பின் வந்த தலைமுறை கார்களில் ஒவ்வொன்றாக எல்லாம் மாறின. வெப்பம் ஏறினால் தானே ஓடும் மின்விசிறி வந்தது. விரியும் நீரை வாங்கி வைத்து, ஆறியதும் திருப்பித் தரும் ரிசர்வ் டேங்க் வந்தது. வெறும் தண்ணீர் போய் கூலன்ட் வந்தது. பிரஷர் குக்கரில் நடப்பதுதான் இங்கேயும். மூடி ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் 130 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். அழுத்த மூடி அம்பாசடர் காலத்திலும் உண்டு. இன்றைய மூடி பிடிக்கும் அழுத்தம் அதிகம். ஆகவே இன்று ஒரு சின்னக் கசிவு எடுத்துப் போவது திரவத்தை மட்டுமல்ல, அழுத்தத்தையும். அழுத்தம் போனால் கொதிநிலையும் இறங்கிவிடும்.

கசிவு தேடும் முறையும் வெளித்தோற்றத்தில் மாறிவிட்டது. இஞ்சின் ஆறியபின் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை ஏற்றி, முள்ளைப் பார்க்கிறார்கள். முள் இறங்கினால் எங்கோ வழி இருக்கிறது. ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். அந்தத் துளை வேண்டுமென்றே வைத்தது. உள்ளே சீல் தேய்ந்தால் அங்கே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். ஈரம் காய்ந்தாலும் பச்சை, இளஞ்சிவப்பு நிறப் பொருக்கு தங்கிவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் ஒளிரும் சாயம் கலந்து, புறஊதா டார்ச் அடித்துத் தேடுகிறார்கள். கருவி எத்தனை வந்தாலும் உள்ளே அழுத்தம் கொடுத்து வெளியேறும் இடத்தைப் பார்ப்பதே சூத்திரம். தொட்டிக்குள் அமுக்கிய கடைக்காரரும் அதைத்தான் செய்தார்.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் கூலன்ட் குறைந்தால் சந்தேகம் உள்ளே திரும்ப வேண்டும். காருக்குள் இனிப்பு வாடை, முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம், கால்மிதி ஈரம் என்றால், காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரில் கசிவு. இஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் பால் கலந்த மாதிரி படிவு, டேங்கில் விடாத குமிழி என்றால், இஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டில் கசிவு. இதை உறுதிசெய்ய ஒரு நீலத் திரவம் இருக்கிறது. டேங்கிலிருந்து வரும் காற்றில் இஞ்சினில் எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் அது மஞ்சளாகிவிடும்.

பழுது பார்ப்பதில்தான் பெரிய மாற்றம். பிளாஸ்டிக் தொட்டியில் ஈயம் பிடிக்காது. அநேகமாகப் புது ரேடியேட்டர்தான். இன்றைய குறுகிய குழாய்களில் மஞ்சள் தூள், ஓட்டையை அடைப்பதற்கு முன் ஓட்டத்தை அடைக்கும். புதுசு மாட்டிய பிறகும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால் நல்ல வண்டியும் சூடேறும். வடித்த கூலன்டைத் தெருவில் விடக்கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாய் நக்கினால் உயிர் போகலாம்.

கசிவு அரிதானதால் பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. பல கார்களில் வெப்ப முள்ளே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும்தான். கூலன்ட் முழுதும் வடிந்து சென்சார் வெறுங்காற்றில் நின்றால், அந்த விளக்கும் நம்பத்தக்கதல்ல. அம்பாசடரின் ஹெட் வார்ப்பிரும்பு. கொஞ்சம் கொதித்தாலும் பொறுத்துக்கொண்டது. இன்றைய அலுமினிய ஹெட் சூட்டில் சீக்கிரம் வளையும். பல இஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர் கோணினாலே லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். "வீடு வரை ஓட்டிவிடலாம்" என்ற கடைசி ஐந்து கிலோமீட்டர்தான் பல ஹெட்டுகளை வளைத்திருக்கிறது.

ரிசர்வ் டேங்கில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. கூலன்ட் அவற்றுக்கு இடையில் நிற்க வேண்டும். மூடியைத் திறக்கவே வேண்டாம். இஞ்சின் ஆறியிருக்கும்போது வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் கூலன்ட் மாதாமாதம் குறையாது. குறைந்துகொண்டே போனால், தேடாமல் ஊற்றிக்கொண்டே ஓட்டுவது அம்பாசடரிடம் செல்லுபடியானது. இன்றைய இஞ்சினிடம் செல்லாது.