வாணியம்பாடியில் மனை வாங்கும் முன்

வாணியம்பாடிக்குப் பல வருடம் கழித்து வருகிறவர்கள் நெடுஞ்சாலையைப் பார்த்து வியக்கிறார்கள். 2019-இல் ஊர் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பத்தூர் மாவட்டத்தோடு போனதைப் பேசுகிறார்கள். எனக்குக் கவலை தருவது வேறு. என் உயர்நிலைப் பள்ளி நாட்களில் கிணற்று நீர் குடித்த தெருக்களில் இன்று கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். அதே ஊரைச் சுற்றி, பயிர் நின்றுபோன வயல்களில் மனைக்கல் நடுகிறார்கள். ஒவ்வொரு மனையிலும் ஒரு போர் இறங்கும்.

வயலில் பயிர் ஏன் நின்றது என்று கேட்காமல் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகள் நெடுங்காலமாக உண்டு. ஊரில் பாதி அடுப்பு அவற்றால்தான் எரிந்தது, அதை மறைப்பதற்கில்லை. முன்பு ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்டார்கள். எழுபதுகளில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் குரோமியப் பதனிடல் பெருகியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு அது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டதென்ற கணக்கும் அதில் இருக்கிறது.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவுநீரிலுள்ள குரோமியத்தைச் சேறாகப் படியவைத்துப் பிரிக்க முடியும். உப்பின் கதை அப்படியல்ல. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டுத்தான் வருகிறது. முதல் ஊறலிலேயே அது தண்ணீரில் கரைந்துவிடுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு கரைந்த உப்பை எடுக்காது. சவ்வூடு பரவல் முறையில் பிரித்தாலும், ஒதுங்கும் உப்பை எங்கே கொட்டுவது என்ற கேள்வி நிற்கிறது. ஓடும் ஆறாக இருந்தால் கொஞ்சமாவது அடித்துப் போகும்; பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்தது. பல பத்தாண்டுகளாக மண்ணில் இறங்கியதை ஒரு வெள்ளம் கழுவிவிடாது. 2025 ஜனவரியில் அதே ஆறு, அதே மாசு, அதே உச்ச நீதிமன்றம்: இழப்பீடு கொடுக்கவும், கெடுத்தவர்களிடம் அதை வசூலிக்கவும், கண்காணிக்கக் குழு அமைக்கவும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

ஆகவே மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன் பக்கத்து போர்த் தண்ணீரைப் பரிசோதியுங்கள். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. குரோமியத்துக்கு எல்லை 0.05 மில்லிகிராம். கடையில் விற்கும் டிடிஎஸ் மீட்டர் உப்பின் அளவைத்தான் சொல்லும், குரோமியத்தைக் காட்டாது. அதற்கு ஆய்வகத்துக்கு மாதிரி கொடுத்தாக வேண்டும். கொதிக்க வைத்தால் இரண்டும் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.