குழந்தைகளோடு வேலை செய்ய எதைப் படிக்கலாம்?

“குழந்தைகள் என்றால் எனக்குப் பிடிக்கும். அது சம்பந்தமாக ஏதாவது படிக்கணும்.” பிளஸ் டூ முடித்தவர் இப்படிச் சொன்னால், சுற்றியிருப்பவர்கள் உடனே சைக்காலஜியைக் கைகாட்டுவார்கள். குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் வளர்ச்சி சார்ந்த துறைக்கு அது ஒரு வாசல் மட்டுமே. எந்த வயதினரோடு, என்ன வேலை செய்யப் போகிறோம் என்று முதலில் தெளிவாகிவிட்டால் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எளிது.

மூன்று வயதாகியும் பேச்சு வராத ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். குழந்தை நல மருத்துவர் பார்த்த பிறகு, காது சரியாகக் கேட்கிறதா என்று ஆடியாலஜிஸ்ட் சோதிப்பார். கேட்கிறது என்றால் அடுத்தவர் பேச்சுப் பயிற்சியாளர். தண்ணீர் வேண்டுமென்றால் பையன் டம்ளரை விரலால் சுட்டுகிறானா, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய் டம்ளர்மேல் வைக்கிறானா என்று அவர் கவனிப்பார். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறானா, தானே சாப்பிட வருகிறதா என்பதெல்லாம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் கவலை. ஆட்டிசமா, அறிவு வளர்ச்சிக் குறைபாடா என்று மதிப்பிடுவதில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்குப் பங்கு உண்டு. அடுத்து அவனுக்கு எதை, எப்படிக் கற்றுத்தரலாம் என்று தனித் திட்டம் போடுபவர் சிறப்பாசிரியர். பையன் ஒருவன்தான், பார்ப்பவர் ஒவ்வொருவரும் படித்து வந்த வழி வேறு.

பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டு. இதற்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு வேண்டும். சிறப்பாசிரியர் ஆக, பிளஸ் டூ முடித்ததும் இரண்டு ஆண்டு டிப்ளமோ படிக்கலாம்; பட்டம் பெற்ற பிறகு சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசு நிறுவனத்தில் இத்தகைய படிப்புகள் பல உள்ளன. குழந்தை மனநல மருத்துவம்தான் மிக நீண்ட பாதை. எம்.பி.பி.எஸ்., மனநலத்தில் எம்.டி., அதன் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடத்தில் டி.எம். என்று பதினோரு ஆண்டுக்கு மேல் ஆகும்.

குறைபாடு ஏதும் இல்லாத குழந்தை எப்படி வளர்கிறது என்பதைப் படிக்க விரும்புவோருக்கு மனையியலில் மனித மேம்பாட்டுப் பிரிவு ஏற்றது. கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் இதற்குப் பெயர்பெற்றது. இப்படிப்பில் மழலையர் பள்ளியில் உட்கார்ந்து, ஒரு குழந்தை விளையாட்டுச் சாமானை எப்படிப் பகிர்கிறது, சண்டை வந்தால் என்ன செய்கிறது என்று குறிப்பெடுப்பதும் பாடம்தான்.

பதின்வயதினரோடு வேலை செய்ய நினைப்பவர்கள் எம்.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப் பணிப் படிப்பையும் பார்க்கலாம். 2012இன் போக்சோ சட்டமும் 2015இன் இளைஞர் நீதிச் சட்டமும் வந்த பிறகு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் இல்லம், பள்ளி என்று ஆலோசகர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் தேவை கூடியிருக்கிறது. மனநலச் சிக்கல்களில் பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இனிப் பலர் கோட்டைவிடும் விஷயம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வெறும் எம்.எஸ்ஸி. சைக்காலஜியை வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. சில மாதச் சான்றிதழ் வகுப்பு முடித்தவர் ‘சைல்டு தெரபிஸ்ட்’ ஆகிவிட முடியாது. சைக்காலஜியை அஞ்சல் வழியில் படிக்கலாம் என்ற கணக்கும் இனிச் செல்லாது. சைக்காலஜி உள்ளிட்ட படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025இல் யு.ஜி.சி. அறிவித்துவிட்டது.

விண்ணப்பம் போடும் முன், அருகில் உள்ள சிறப்புப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ அனுமதி கேட்டுச் சில நாள் உடனிருந்து பாருங்கள். ஒரே செயலை நூறு முறை சொல்லித்தரும் பொறுமை நமக்கு இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். கல்லூரியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: செய்முறைப் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம்? இந்தப் பட்டத்தை வைத்து எந்தப் பதிவேட்டில் பெயர் பதியலாம்? நேரான பதில் கிடைக்காத இடத்தில் கட்டணம் கட்டாதீர்கள்.